சிலந்திப் பையனும் தலையெழுத்தும்

போன இதழில் இந்தப் பக்கத்தின் அடியில், "புது ஸ்பைடர்-மேன் பார்த்தவர்கள் எழுதுங்கள்" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். வழக்கமாக இங்கே வருவது சென்னைப் படங்களைப் பற்றிய கேள்விகள்தான். இந்த முறை கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றி, அதுவும் பெரியவர்கள் எழுதியவை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2023 ஜூன் தொடக்கத்தில் வந்த 'ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்', 2018ல் வந்து ஆஸ்கர் வாங்கிய படத்தின் இரண்டாம் பாகம். இதில் நாயகன் நாம் பழகிய பீட்டர் பார்க்கர் இல்லை. புரூக்ளினில் வளரும் மைல்ஸ் மொராலெஸ், வயது 15, அப்பா கறுப்பினப் போலீஸ்காரர், அம்மா புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த நர்ஸ். அடுக்கடுக்காக எத்தனையோ உலகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பைடர் ஆள் என்பதுதான் கதையின் அடித்தளம். கீழே கதையை முழுசாகப் பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் படம் பார்த்தபின் வாருங்கள்.

இரண்டு மணி நேரம் இருபது நிமிஷம் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் 'தொடரும்' என்றால் என்ன அண்ணே அர்த்தம்? முழுப் படத்துக்குத்தானே காசு கொடுத்தோம்? என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் லைட் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை, "அவ்வளவுதானா, அவ்வளவுதானா" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.
(செந்தூல் வாசகர்)

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2021 டிசம்பரில் முதல் டீசர் வந்தபோது தலைப்பிலேயே 'பகுதி ஒன்று' என்று இருந்தது. அடுத்த வருஷம் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கக் கூடாது. டிக்கெட் எடுக்கும்போதே இது முடியாத கதை என்று தெரிந்திருந்தால் நீங்களும் உங்கள் பக்கத்து சீட்டுக்காரரும் வேறு மனநிலையில் போய் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஆனால் 'அரைப் படம்' என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படம் யாரை வைத்துத் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். மைல்ஸ் வருவதற்கு முன்பே, வேறொரு உலகத்து ஸ்பைடர் பெண்ணான குவென் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறாள். கூட்டாளிகளோடு ஒட்ட முடியாமல் இசைக்குழுவை விட்டு வெளியேறுகிறாள். அவளுடைய அப்பா போலீஸ் கேப்டன். முகமூடிக்குள் இருப்பது தன் மகள் என்று தெரிந்த பிறகும் துப்பாக்கியை இறக்காதவர். அதே பெண் கடைசியில் வீடு திரும்புகிறாள், அப்பாவோடு பேசுகிறாள், அவர் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், பிறகு அவள் தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மைல்ஸைத் தேடிக் கிளம்புகிறாள். அவள் கதை எங்கே தொடங்கியதோ அங்கே வந்து முழுசாக முடிந்திருக்கிறது. அந்த அப்பா-மகள் காட்சியில் பின்னால் இருக்கும் சுவரைக் கவனித்தீர்களா? நீர்வண்ண ஓவியம் மாதிரி நிறங்கள் மேலிருந்து கீழாக வழிந்துகொண்டே இருக்கும். இருவரும் முறைத்துக்கொள்ளும்போது குளிர்ந்த நிறம், மனசு இளகும்போது சூடான நிறம். நான் அந்த இடத்தில் வசனத்தைக் கேட்பதை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேப்டன் வேலையை அவர் விட்டது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அடுத்த கடிதம் உதவும்.

என் நண்பர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் 'கேனன் ஈவென்ட்' என்கிறார்கள். சோதனையில் மார்க் குறைந்தால் கேனன் ஈவென்ட், காதலி விட்டுப் போனால் கேனன் ஈவென்ட். படம் பார்த்தும் எனக்குச் சரியாகப் புரியவில்லை.
(பிறை, ஐந்தாம் படிவ மாணவர்)

தம்பி, உங்கள் பாட்டியிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்: தலையெழுத்து.

எந்த உலகத்து ஸ்பைடர்-மேனாக இருந்தாலும் சில இழப்புகள் வந்தே தீரும் என்கிறது படத்தில் வரும் ஸ்பைடர் சங்கம். அவனுக்கு நெருக்கமான ஒரு போலீஸ் கேப்டன் சாவதும் அதில் ஒன்று. அதைத் தடுத்தால் அந்த உலகமே சிதைந்துவிடுமாம். இதைக் கட்டிக்காப்பவர் மிகெல் ஓஹாரா என்ற எதிர்கால ஸ்பைடர்-மேன். மைல்ஸின் அப்பா கேப்டனாகப் பதவி ஏறப்போகிறார். அப்படியானால் அவர் சாகப்போகிறார், மகன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அன்று எழுதியவன் அழித்து எழுதுவானா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்களே, அந்தப் பெருமூச்சை ஒரு சட்டமாக்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, காவலுக்கு நூற்றுக்கணக்கான ஸ்பைடர் ஆட்களையும் நிறுத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தச் சங்கம். பையன் முடியாது என்கிறான். அத்தனை பேரையும் மீறி ஓடுகிறான்.

மிகெலை வில்லன் என்று எழுதியவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இன்னொரு உலகத்தில் தன்னைப் போலவே இருந்தவன் செத்துப்போக, அந்த இடத்தில் போய் அவனுடைய மகளுக்கு அப்பாவாக வாழ்ந்தவர் அவர். அந்த உலகம் அவர் கண் முன்னால் கரைந்துபோகிறது, கையில் பிடித்திருந்த பெண் குழந்தையோடு. தன்னால்தான் போயிற்று என்று நம்புகிற மனிதர். விதி என்று பேசுகிறவர்களில் பலர் இப்படி ஒரு அடி வாங்கியவர்கள்தான், அதனால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் குவென் அப்பாவைப் பாருங்கள். அவரும் கேப்டன். வேலையை விட்டார், உயிரோடு இருக்கிறார், உலகம் ஒன்றும் இடியவில்லை. அந்தச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்பதை அத்தனை மெதுவாக, ஒரு சமாதானப் பேச்சுக்குள் வைத்துச் சொல்லிவிட்டுப் போகிறது படம். அதைப் பிடித்துக்கொண்டால் கடைசிக் காட்சி உங்களைக் கைவிட்டதாகத் தோன்றாது.

அந்த இந்திய ஸ்பைடர்-மேன் வந்தபோது நாங்கள் விசில் அடித்தே விட்டோம். ஆனால் கொஞ்ச நேரம்தான் வருகிறான். நம்மை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டார்கள் என்கிறான் என் தங்கச்சி மகன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
(பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

நான் பார்த்த அரங்கிலும் விசில் பறந்தது. ஆனால் எனக்கு மனசில் நிற்பது விசில் இல்லை. அவன் தலைமுடியின் ரகசியத்தைக் கேட்கும்போது தேங்காய் எண்ணெய் என்று ஒரு பேச்சு வரும் பாருங்கள், அந்த நொடியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு பையன் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தான். அம்மா சிரித்துக்கொண்டே அவன் தலையைத் தடவிவிட்டார். காலையில் எண்ணெய் வைத்துச் சீவிவிட்ட தலை என்று பின்னால் இருந்தே தெரிந்தது. பள்ளியில் அந்த எண்ணெய்க்காகக் கிண்டல் வாங்காத தமிழ்ப் பிள்ளை நம் நாட்டில் யார்? இங்கே அதே எண்ணெய் ஒரு நாயகனின் பெருமை.

பவித்ர் பிரபாகர் என்ற இந்த இந்திய ஸ்பைடர்-மேன் இந்தப் படத்துக்காகப் புதிதாகச் செய்த ஆள் இல்லை. 2004லேயே ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் கங் ஆகியோர் உருவாக்கிய காமிக்ஸில் வேட்டி கட்டிக்கொண்டு வந்தவன். படத்தில் அவன் ஊர் மும்பாட்டன், மும்பையையும் மன்ஹாட்டனையும் பிசைந்து செய்த ஊர். ஆட்டோவும் பஸ்ஸும் பத்துப் பதினைந்து அடுக்குகளில் ஓடுகிற அந்த ஊரை வரைய, முகமூடி வேதாளர் கதைகளை வெளியிட்ட பழைய இந்திரஜால் காமிக்ஸின் நிறங்களை எடுத்துக்கொண்டார்கள். அச்சு கொஞ்சம் விலகி நிறம் கோட்டைத் தாண்டி நிற்கும் அந்தப் பழைய தாள் வாசனை எனக்குத் திரையிலிருந்தே வந்தது. 'சாய் டீ' என்று மைல்ஸ் சொல்ல, சாய் என்றாலே டீதான், டீ டீ என்றா சொல்வாய் என்று அவன் வெடிக்கிற இடத்தில் நம் ஆட்கள் சிரித்த சிரிப்பு தனி. 'தே' என்றால் டீ, 'தே தாரே' என்றால் இழுத்த டீ என்று தெரிந்து வளர்ந்தவர்கள் நாம்.

நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் ஊறுகாய் இல்லை, இதை உங்கள் தங்கச்சி மகனிடம் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கார்ட்டூனில் நம் முகம் புதிது இல்லை, 2011 முதல் நம் நாட்டுக் கார்ட்டூன் 'போபோய்பாய்'இல் நாயகனோடு கோபால் இருக்கிறான். கோபாலை எனக்கும் பிடிக்கும், "டேய்" என்று அவன் கத்தும்போது வீட்டில் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். ஆனால் கோபால் எப்போதும் கூடவே வருகிற நண்பன், பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டுப் பிரியன். பவித்ர் தன் ஊரின் சொந்தக்காரன். மற்றவர்கள் அவனுடைய ஊருக்குள் விருந்தாளியாக வருகிறார்கள், அவன் ஊரைச் சுற்றிக் காட்டுகிறான், வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து திருடியதையும் போகிற போக்கில் சொல்கிறான். கதை உடைகிற இடமும் அவன் ஊர்தான்: அவன் காதலி காயத்ரியின் அப்பா இன்ஸ்பெக்டர் சிங்கை மைல்ஸ் காப்பாற்றுகிறானே, தலையெழுத்தை முதலில் அழித்தது அங்கே. அந்த ஒரு காரியம் நடக்காவிட்டால் மீதிப் படமே கிடையாது.

வில்லன் காமெடியன் மாதிரி இருக்கிறானே?
(செராஸ் வாசகர்)

முதலில் மட்டும். உடம்பெல்லாம் கறுப்பு ஓட்டையோடு, ஒரு சின்னக் கடையில் ஏடிஎம் மெஷினைத் திருடக்கூடத் தெரியாமல் நிற்கிறவனைப் பார்த்து மைல்ஸே சிரிக்கிறான். 'இந்த வாரத்து வில்லன்' என்று ஒதுக்குகிறான். அந்தச் சிரிப்புதான் அவனை வளர்த்துவிடுகிறது. கடைசியில் அவன் உருவம் கிறுக்கிய மைக்கோடுகளாக மாறி நடுங்கும்போது அரங்கில் ஒரு சத்தம் இல்லை.

படத்தில் அந்த அம்மா மொட்டை மாடியில் மகனிடம் பேசுகிற காட்சி வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. என் மகன் அடுத்த மாதம் மெட்ரிகுலேஷன் படிக்க லபுவானுக்குப் போகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டான், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. இதில் கேள்வி எதுவும் இல்லை, எழுத வேண்டும் போல இருந்தது, எழுதிவிட்டேன்.
(வங்சா மாஜு, ஒரு தாய்)

அக்கா, கேள்வி இல்லாவிட்டாலும் எழுத வேண்டிய கடிதம் இது.

அந்தக் காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பதவி உயர்வு விருந்துக்கு மகன் தாமதமாக வருகிறான், அவன் தூக்கி வந்த கேக் அலங்கோலமாகக் கிடக்கிறது, வீட்டில் சண்டை, தண்டனை. சூப்பர் ஹீரோ கதையில் உலகம் அழியப்போகிற அவசரத்துக்கு நடுவில் ஒரு கேக்குக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்களே என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த இடம்தான் படம். அதன் பிறகு அந்த அம்மா சொல்வது இதுதான்: இத்தனை வருஷமாக இந்தச் சின்னப் பையனை நான் பார்த்துக்கொண்டேன், இனி நீ எங்கே போனாலும் எனக்காக அவனை நீ பார்த்துக்கொள்ள வேண்டும், அவன் எங்கிருந்து வந்தான் என்பதை மறக்காமல், நீ இங்கே சேர்ந்தவன் இல்லை என்று யாரும் அவனிடம் சொல்ல விடாமல். பிள்ளையை விமானத்தில் ஏற்றிவிடுகிற எந்தத் தாயும் இதைத்தான் சொல்ல நினைப்பார். நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, சாம்பார்ப் பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொடுத்து, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று முடித்துவிடுகிறோம். படத்தின் கடைசியில் அந்தப் பையன் வேறு ஒரு உலகத்தில், அச்சு அசலாகத் தன் அம்மாவைப் போலவே இருக்கிற ஒருவரின் முன்னால் நிற்கிறானே, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிகிற நொடியில் எனக்கு அந்த மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது.

உங்கள் மகன் கையைப் பிடித்தான் அல்லவா, அவனுக்குக் கேட்டிருக்கிறது அக்கா.

நான் ஜார்ஜ்டவுனில் பார்த்தேன், என் அத்தை மகன் சிங்கப்பூரில் பார்த்தான். ஒரு காட்சியில் ஹோலோகிராம் பெண் லைலா செய்வதை நான் ஒரு மாதிரி சொல்கிறேன், அவன் வேறு மாதிரி சொல்கிறான். யார் சொல்வது சரி?
(ஜார்ஜ்டவுன் வாசகர்)

இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். இந்தப் படத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் திரையரங்குகளுக்குப் போயிருக்கின்றன, சில காட்சிகளும் வசனங்களும் லேசாக மாறும். பட எடிட்டிங்கில் வேலை செய்தவரே இதை எப்போது கண்டுபிடிப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற பொருளில் எழுதியிருந்தார். பந்தயம் கட்டியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் மகனுக்கு வயது 14. படம் பார்த்த நாளிலிருந்து வரைகிறான், வரைகிறான், வரைந்துகொண்டே இருக்கிறான். கணக்குப் புத்தகத்தின் ஓரமெல்லாம் சிலந்தி வலை. இதில் எதிர்காலம் உண்டா, இல்லை தடுக்க வேண்டுமா?
(புக்கிட் மெர்தாஜாம், ஒரு தந்தை)

ஐயா, படத்தில் எல்லாமே லெகோ கட்டைகளால் ஆன ஓர் உலகம் கொஞ்ச நேரம் வந்து போகிறதே, அதை அசைவூட்டியது கனடாவில் இருக்கிற, உங்கள் மகன் வயதுப் பையன். இந்தப் படத்தின் டிரெய்லரை வீட்டுக் கம்ப்யூட்டரில் லெகோ பொம்மைகளாக மாற்றி இணையத்தில் போட்டிருந்தான். தயாரிப்பாளர்கள் அதைப் பார்த்துவிட்டு, படத்தின் அந்தக் காட்சியை அவனிடமே கொடுத்தார்கள். அவனுக்கும் வீட்டுப்பாடம் இருந்தது, வீட்டில் அம்மா அப்பாவும் இருந்தார்கள். தடுக்காதீர்கள்.

ஆனால் படம் பிடித்ததனாலேயே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் வேலை செய்த படம் இது. அதில் பலர் வாரத்தில் ஏழு நாளும், நாளைக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் உழைத்ததாகவும், முடித்த காட்சிகளைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னதால் நூறு பேர் அளவில் பாதியிலேயே விலகியதாகவும் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் உள்ளே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாம் வாயைப் பிளந்து பார்த்த ஒவ்வொரு நொடிக்கும் பின்னால் ஒருவருடைய தூக்கம் போயிருக்கிறது. மகனிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். இங்கேயே வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்லுங்கள்: 2007ல் 'உபின் இபின்' என்ற நம் நாட்டுக் கார்ட்டூனைத் தொடங்கியவர்கள் சைபர்ஜெயாவில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள்தான். கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்ற ஒரு வெற்று நோட்டு வாங்கிக் கொடுங்கள், பெரிய நோட்டாக.

ஆங்கிலம் தெரியாத என் பாட்டியைத் துணைக்குக் கூட்டிப் போனேன். மலாய் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே முழுப் படத்தையும் பார்த்துவிட்டார். தமிழில் இங்கே ஏன் வருவதில்லை?
(ஆயர் ஈத்தாம் வாசகி)

இந்தியாவில் இந்தப் படம் பத்து மொழிகளில் வந்தது, தமிழும் அதில் ஒன்று. ஆக, தமிழ்க் குரல் தயாராகவே இருக்கிறது. இங்கே ஆங்கிலப் படங்களின் கீழே மலாயும் சீனமும் இரண்டு வரியாக ஓடும், நம் கண் அதற்குப் பழகிவிட்டது. வார இறுதியில் ஒரே ஒரு காட்சி, பட்டர்வொர்த்திலோ செந்தூலிலோ தமிழில் போட்டால் தாத்தா பாட்டி பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒரே வரிசையில் உட்காரும். கேட்டுக்கொண்டே இருப்போம். பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தப் படத்தின் வேகத்துக்கு வசன எழுத்தைப் படிப்பது எனக்கே சிரமமாக இருந்தது.

பெயர்கள் ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?
(கெப்போங் வாசகர்)

ஒளித்து வைத்த காட்சி எதுவும் இல்லை. ஆனாலும் உட்காருங்கள், அந்த ஆயிரம் பேரின் பெயர்கள் அவை.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். படத்தில் நிறைய ஸ்பைடர் இருக்கிறார்கள். குதிரைகூட ஸ்பைடர். டைனோசர்கூட ஸ்பைடர். அப்போ நம்ம ஊரிலும் ஒருத்தி இருக்கலாம்தானே? நான் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.
(பிரிக்பீல்ட்ஸ் மாணவி)

கண்ணு, இருக்கலாம். உன் படம் இப்போது என் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறது. துன் சம்பந்தன் ஸ்டேஷன் பக்கத்து மோனோரயில் தூணில் வலை மாட்டியிருக்கிறது, அதிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறாள், பள்ளிக்கூடத்துக் கருநீலப் பினாஃபோர் போட்டிருக்கிறாள், இரண்டு பின்னல், வெள்ளை ரிப்பன். முகமூடிக்கு மேலே பொட்டு வைத்திருக்கிறாய், அதை நான் முதலில் கவனிக்கவில்லை, இரண்டாம் நாள்தான் பார்த்தேன். ஒரு கையில் வலை, இன்னொரு கையில் சாப்பாட்டு டப்பா. தலைகீழாகத் தொங்கியும் டப்பா மூடி திறக்கவில்லை, நன்றாக யோசித்திருக்கிறாய். கீழே நிற்கிற பூக்கடை ஆண்ட்டி மேலே பார்த்துக் கையசைக்கிறார்.

அவள் பெயரை மட்டும் எழுத மறந்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் எழுது.